இசப்கோல் உமி: தண்ணீரோடு சேர்ந்தால்தான் மருந்து

மலச்சிக்கலுக்கென்று விற்கப்படும் பொருள்களில், வேறு நோய் எதுவும் இல்லாத ஒருவர் நீண்ட காலம் தொடர்ந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கக்கூடியது, சர்க்கரையோ நிறமோ மணமோ சேர்க்காத வெறும் இசப்கோல் உமி. இதே உமி நைசாக அரைத்த தூளாகவும், சுவையூட்டிய பானப்பொடியாகவும், காப்ஸ்யூலாகவும் கிடைக்கிறது. நான்கையும் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். மூலப்பொருள் ஒன்றே என்றாலும், அது தண்ணீரோடு சேரும் விதத்தில் நான்கும் வேறுபடுகின்றன. இந்தப் பொருளால் விளையும் நன்மை, தொல்லை, ஆபத்து மூன்றுமே தண்ணீரைப் பொறுத்தவை என்பதால், என் மதிப்பீடும் பெரும்பாலும் அதையே சுற்றி வரும்.

பிளாண்டாகோ ஓவாட்டா என்னும் சிறு செடியின் விதையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோலைப் பிரித்தெடுத்தால் கிடைப்பதுதான் இந்த உமி. எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் நார்ச்சத்து. அதில் பெரும்பகுதி தண்ணீரில் ஊறிக் கூழாகும் வகை. அராபினோசைலான் எனப்படும் கிளை கிளையாகப் பிரிந்த சர்க்கரைச் சங்கிலியே இதன் முக்கியக் கூறு. அந்தச் சங்கிலியை வெட்டும் நொதி மனித உடலில் சுரப்பதில்லை என்பதால், உமி செரிக்கப்படாமல் இரைப்பையையும் சிறுகுடலையும் கடந்து பெருங்குடலை அடைகிறது. அப்படிக் கடந்து போகும் வழி நெடுகிலும் தண்ணீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஐரோப்பிய மருந்துத் தரநூல் இந்த உமிக்கு வகுத்திருக்கும் வீக்க எண் குறைந்தது 40. அதாவது ஒரு கிராம் உமி ஊறி 40 மில்லிலிட்டர் இடத்தையாவது அடைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு பெருக்கும் ஆற்றல் உள்ள ஒன்றைத் தொண்டை வழியாக அனுப்புகிறோம் என்பதை வாங்கும் முன்பே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

புதிதாக வாங்கிய எந்தப் பொட்டலத்தையும் நான் முதலில் கண்ணாடிக் குவளையில்தான் சோதிக்கிறேன். அரைக் குவளைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உமியைத் தூவினால், தரமான உமி சில நொடிகள் மேலே மிதந்துவிட்டு, கலக்கியதும் வெளிறிய, ஒளி ஊடுருவும் செதில்களாகப் பிரிந்து சுழல்கிறது. ஒன்றிரண்டு நிமிடத்தில் செதில்களின் விளிம்பு மங்கத் தொடங்கும். கரண்டி சுற்றும்போது கை சற்று அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். பத்து நிமிடம் தொடாமல் விட்டால், குவளையைச் சாய்க்கும்போது உள்ளே இருப்பது தனித்தனியாகச் சிந்தாமல் ஒரே திரளாக நகர்கிறது. தரம் குறைந்த உமியில் இது வேறு விதமாக நடக்கிறது: பழுப்புப் புள்ளிகளாக விதைத் துணுக்குகள் தெரிகின்றன, அடியில் சாம்பல் நிறத் தூசு படிகிறது, கூழ் ஒரு பக்கம் திரண்டு மறுபக்கம் வெறும் தண்ணீராகவே நிற்கிறது. லேபிளில் 85, 95, 98, 99 என்று சதவீதமாகக் குறிப்பிடப்படுவது இந்தத் தூய்மையைத்தான். உமியோடு கலந்திருக்கும் விதைத் துணுக்கும் பிற செடிப்பகுதியும் எவ்வளவு என்பதை அந்த எண்ணைக் கொண்டு ஊகித்துக்கொள்ளலாம். 95க்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. எண் எதுவுமே அச்சிடாத பொட்டலங்களும் உண்டு. அவற்றைக் குவளைதான் தீர்மானிக்க வேண்டும்.

செடிகள் மண்ணிலிருந்து ஈயம் போன்ற கன உலோகங்களையும் உறிஞ்சக்கூடியவை. நாள்தோறும் உட்கொள்ளும் ஒரு பொருளில் இது சிறிய விஷயம் அல்ல. ஆகவே கன உலோகச் சோதனையை வெளி ஆய்வகத்தில் செய்து முடிவை வெளியிடும் நிறுவனத்தின் பொருளுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பது நியாயமானது என்றே நினைக்கிறேன்.

இது வயிற்றுக்குள் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, குடலில் தண்ணீர் எப்படிப் பயணிக்கிறது என்று பார்க்க வேண்டும். நாம் குடிப்பது ஏறக்குறைய இரண்டு லிட்டர். உமிழ்நீர், இரைப்பைச் சுரப்பு, பித்தநீர், கணையநீர், குடல் சுரப்பு என உடலே சேர்ப்பது ஏறக்குறைய ஏழு லிட்டர். நாள்தோறும் சிறுகுடல் கையாளும் இந்த ஒன்பது லிட்டரில் பெரும்பகுதியை அதுவே உறிஞ்சிவிட, ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் மட்டும் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கும் உறிஞ்சப்பட்டது போக மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலிட்டர்தான். இயல்பான மலத்தில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர் என்றாலும், அந்த விகிதம் சில சதவீதம் குறைந்தாலே மலம் இறுகிவிடுகிறது. சில சதவீதம் கூடினால் இளகிவிடுகிறது. மலம் பெருங்குடலில் தங்கும் நேரம் நீள நீள, உறிஞ்சப்படும் தண்ணீரும் கூடிக்கொண்டே போகும். மலம் கழிக்க வேண்டும் என்ற உந்துதலைத் தொடர்ந்து அடக்குபவர்களுக்குச் சிக்கல் முற்றுவதற்கு இதுவே காரணம். உமியின் கூழ் தான் பிடித்து வைத்திருக்கும் தண்ணீரைப் பெருங்குடல் சுவர் எளிதில் உறிஞ்ச விடுவதில்லை. மலம் மென்மையாகவும் பருமனாகவும் இருந்து, குடல் சுவரை மெல்ல விரித்து, இயல்பான அசைவைத் தூண்டுகிறது.

இதே காரணத்தால்தான், மலம் தண்ணீராகப் போகும் வேளையிலும் இது உதவுகிறது. சுதந்திரமாக ஓடும் தண்ணீரைக் கூழ் தன்னுள் இழுத்துக்கொள்வதால், தளர்ந்த மலத்துக்கு ஓர் உருவம் கிடைக்கிறது. எதிரெதிரான இரண்டு தொல்லைகளுக்கும் ஒரே பொருள் என்றால் விளம்பரப் பேச்சைப் போலத் தோன்றலாம். ஆனால் தண்ணீரைப் பிடித்து வைப்பது என்ற ஒரே வேலையின் இரண்டு விளைவுகள் இவை. கடுமையான வயிற்றுப்போக்கில் முதல் தேவை உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

இதை வாங்குபவர்களில் பலர் எதிர்பார்ப்பது மறுநாள் காலையே விளைவு. சென்னா இலை சேர்ந்த மலமிளக்கிகள் குடல் நரம்புகளைத் தூண்டி ஓர் இரவுக்குள் வேலையை முடித்துவிடுவதால் அந்த எதிர்பார்ப்பு வந்திருக்கலாம். உமிக்கு 12 முதல் 72 மணி நேரம் வரை தேவைப்படுகிறது. பழக்கமாகத் தொடரும்போது கிடைக்கும் சீரான போக்குத்தான் இதன் உண்மையான பயன். என் அனுபவத்திலும் முதலில் தெரிந்த மாற்றம் எத்தனை முறை போகிறது என்பதில் இல்லை. முக்கத் தேவையில்லாமல் போனதே முதல் மாற்றம். இதை அளந்து பார்க்க விரும்புபவர்களுக்குப் பிரிஸ்டல் மல அளவுகோல் பெரிதும் உதவும். 1997இல் வெளியான அந்த அளவுகோல் மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறது: தனித்தனி உருண்டையாக இறுகியது முதல் வகை, முழுவதும் நீரானது ஏழாம் வகை, மூன்றும் நான்கும் இயல்பானவை. ஒரு சிறு குறிப்பேட்டில் அந்த எண்ணை மட்டும் எழுதி வந்தால், உமியின் அளவைக் கூட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா என்பது தெளிவாகிவிடும். நாளொன்றுக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை எதுவும் இயல்பாக இருக்கலாம் என்பது மருத்துவர்களின் பொதுவான கணக்கு. தினமும் காலையில் ஒரு முறை கட்டாயம் போயாக வேண்டும் என்ற கவலையால் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மற்ற நார்ப்பொருள்களோடு ஒப்பிட்டுச் சொல்லாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது. இனுலின் என்ற கரையும் நாரும் இப்போது பல பொடிகளில் சேர்க்கப்படுகிறது. தண்ணீரில் தெளிவாகக் கரைந்து, குடிக்க இதமாக இருக்கும். ஆனால் பெருங்குடல் நுண்ணுயிர்கள் அதை வேகமாக நொதிக்கச் செய்து வாயுவாக மாற்றுவதால், உப்புசத்துக்கு ஆளாகும் வயிறு உள்ளவர்களுக்கு அது தொல்லைதான். நொதித்துக் கரைந்துபோகும் நார், கடைசிவரை தண்ணீரைப் பிடித்து வைக்கவும் இருக்காது. கோதுமைத் தவிடு இதற்கு நேர்மாறு; அது கரையாத நார். கரடுமுரடான தவிடு குடல் சுவரை உரசிச் சளியையும் நீரையும் சுரக்க வைத்து மலத்தை இளக்குகிறது. எரிச்சலுறும் குடல் நோய் (வயிற்று வலியோடு மலம் கழியும் பழக்கமும் மாறிக்கொண்டிருக்கும் கோளாறு) உள்ளவர்களுக்கு அந்த உரசலே வலியைக் கூட்டிவிடக்கூடும். இசப்கோல் உமி மிகக் குறைவாகவே நொதிக்கிறது, உரசுவதும் இல்லை. அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், எரிச்சலுறும் குடல் நோய்க்கு இசப்கோல் போன்ற கரையும் நாரைப் பரிந்துரைத்துக் கரையாத நாரைத் தவிர்த்திருப்பதற்கும் இத்தகைய வேறுபாடே அடிப்படை. முதல் சில நாள்களில் உமியாலும் வயிறு சற்று உப்பியது உண்மைதான். அளவை மெதுவாகக் கூட்டியதும் அது அடங்கிவிட்டது.

நான்கு வடிவங்களில் முழு உமிதான் எனக்கு மிகவும் பிடித்தது. செதில் பெரிதாக இருப்பதால் கட்டி பிடிக்காமல் கலங்குகிறது. கூழாக மாறவும் சற்று நேரம் எடுத்துக்கொள்வதால் அவசரமின்றிக் குடித்து முடிக்கலாம். சுவை ஏறக்குறைய ஒன்றும் இல்லை. நாக்கில் படும் வழவழப்பு மட்டும் சிலருக்குப் பிடிக்காது. அரைத்த தூள் தொண்டையில் மென்மையாக இறங்கும் என்று விற்கப்படுகிறது. ஆனால் தண்ணீர் பட்டவுடன் அதன் மேற்பரப்பு கூழாகி உள்ளே உலர்ந்த தூளைப் பூட்டிக்கொள்வதால், சிறு சிறு உருண்டைகளாகத் திரள்கிறது. அதைத் தவிர்க்க, தூளைக் குவளையில் இட்டு மேலே தண்ணீர் ஊற்றாமல், தண்ணீரை வேகமாகக் கலக்கிக்கொண்டே தூளைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். மூடி உள்ள பாட்டிலில் இட்டுக் குலுக்கினால் இன்னும் நல்லது. இன்னொன்று, தூள் நெருக்கமாக அடங்கும் என்பதால் ஒரே கரண்டியில் முழு உமியைவிடக் கூடுதல் எடை ஏறிவிடுகிறது. முழு உமிக்குப் பழகியவர் அதே கரண்டி அளவில் தூளுக்கு மாறினால், தெரியாமலே அளவைக் கூட்டிவிடுவார். கிராம் கணக்கில் ஒரு முறையாவது தராசில் நிறுத்துப் பார்ப்பது அவசியம்.

சுவையூட்டிய பொடிகளைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. நான் வாங்கிய ஒன்றில் சேர்மானப் பட்டியலின் முதல் இடத்தில் இருந்தது சர்க்கரை. உமி அதற்கு அடுத்துத்தான் வந்தது. சேர்மானங்கள் எடையின் இறங்கு வரிசையில் எழுதப்படுபவை என்பதால், அந்த டப்பாவில் உமியைவிடச் சர்க்கரைதான் அதிகம் என்று பொருள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் நார்ச்சத்து என்றும், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சர்க்கரை என்றும் அச்சிடுவது வாங்குபவரின் நம்பிக்கைக்குச் செய்யும் அநீதி. செரிமானத் தொல்லையோடு வருபவர்களில் நீரிழிவு உள்ளவர்களும் இருப்பார்கள் என்ற எண்ணம் தயாரிப்பாளருக்கு இருந்திருக்க வேண்டும். சர்க்கரை இல்லாத வகைகள் சிலவற்றில் அஸ்பார்ட்டேம் சேர்க்கிறார்கள். பினைல்கீட்டோனூரியா என்ற பிறவி வளர்சிதைக் குறை உள்ளவர்களுக்கு அது ஆகாது. சுவை தேவைப்படுபவர்கள் வெறும் உமியை வாங்கித் தமக்குப் பிடித்த பானத்தில் தாங்களே கலந்துகொள்ளலாம்.

காப்ஸ்யூல் பயணத்துக்கு வசதியானது, அவ்வளவுதான். ஒன்றில் பொதுவாக அரை கிராம் அளவே உமி அடங்குகிறது. ஒரு வேளைக்கு மூன்று கிராம் வேண்டுமென்றால் ஆறு காப்ஸ்யூல்களை விழுங்க வேண்டும். வாயில் வழவழப்பு தெரியாதது நிம்மதியாக இருக்கும்; ஆனால் தண்ணீரைக் கண்ணால் பார்த்துக் கலக்கும் வேலை இல்லாததால், பலர் இரண்டு மடக்குத் தண்ணீரோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்த வடிவத்துக்கும் முழுக் குவளைத் தண்ணீர் கட்டாயம் என்பதை அட்டைப்பெட்டியின் முன்பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்பது என் கோரிக்கை.

தண்ணீரின் அளவைப் பற்றி இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்கிய உமி, உணவுக்குழாயிலேயே ஊறித் தடித்து அடைத்துக்கொள்ளலாம். மூச்சுத் திணறலும் நேரலாம். குறுணை வடிவில் விற்கப்பட்ட இசப்கோல் மலமிளக்கிகளால் இத்தகைய அடைப்புகள் தொடர்ந்து பதிவானதால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007இல் அந்தக் குறுணை வடிவத்தைப் பாதுகாப்பானவற்றின் பட்டியலிலிருந்து விலக்கியது. மற்ற வடிவங்களிலும், ஒவ்வொரு வேளைக்கும் ஏறக்குறைய 240 மில்லிலிட்டர் தண்ணீர் வேண்டும் என்ற எச்சரிக்கை லேபிளில் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி ஒரு கிராமுக்குக் குறைந்தது 30 மில்லிலிட்டர். நான் ஒரு முழுக் குவளையில் கலக்கி உடனே குடித்துவிட்டு, பின்னாலேயே இன்னொரு குவளை வெறும் தண்ணீரும் குடிக்கிறேன். கலக்கியதை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்த் திரும்பினால், அது குடிக்கும் பதத்தைத் தாண்டிவிடும். உலர்ந்த உமியை அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும் பழக்கத்தை எவரும் வைத்துக்கொள்ளக் கூடாது. படுக்கப் போகும் நேரத்தில் எடுத்துக்கொள்வதும் சரியில்லை. நிமிர்ந்து அமர்ந்து குடித்து, அதன் பிறகு சிறிது நேரமாவது நடமாடுவதே பாதுகாப்பு.

அளவைப் பொறுத்தவரை, பெரியவர்களுக்கு மலச்சிக்கலுக்கு நாளொன்றுக்கு 7 முதல் 11 கிராம் வரை, ஒன்று முதல் மூன்று வேளையாகப் பிரித்துக்கொள்வது ஐரோப்பிய மருந்து முகமையின் கணக்கு. முதல் நாளே அந்த அளவில் இறங்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று கிராமில் தொடங்கி, வாரத்துக்குச் சிறிது என்று ஏற்றினால் வயிறு முரண்டு பிடிக்காது. உப்புசம் தாங்கவில்லை என்று இதைக் கைவிட்டவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் எடுத்த எடுப்பிலேயே பெரிய கரண்டியில் தொடங்கியிருப்பார்கள். வேறு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் அதற்கும் உமிக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்; கூழ் மருந்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உடலில் சேர விடாமல் தாமதப்படுத்தும். தைராய்டு மாத்திரை, லித்தியம், கார்பமாசெபைன், டிகாக்ஸின் போன்றவற்றை எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களும் அப்படியே. உணவிலிருந்து சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தை உமி குறைப்பதால், மருந்தின் அளவை மாற்ற வேண்டி வரலாம்.

கூடுதல் நன்மைகளில் உறுதியாகச் சொல்லத்தக்கது கொழுப்பைப் பற்றியது. பித்த அமிலங்கள் வழக்கமாகச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்பும். கூழில் சிக்கி அவை மலத்தோடு வெளியேறும்போது, புதிய பித்த அமிலம் செய்யக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொழுப்பை எடுக்க வேண்டியிருக்கிறது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் ஓரளவு குறைகிறது. நாளொன்றுக்கு உமியிலிருந்து 7 கிராம் கரையும் நார் கிடைத்தால் இதய நோய் அபாயம் குறையலாம் என்று லேபிளில் குறிப்பிட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1998இல் அனுமதித்தது. மூல நோய், ஆசனவாய் வெடிப்பு உள்ளவர்களுக்கு முக்காமல் மலம் கழிய உதவுவதும் இதன் பெரிய உபகாரம். மருத்துவர்கள் அவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பது வழக்கம்.

இதற்கு மேல் அட்டையில் எழுதப்படும் பலவற்றை நான் ஏற்கவில்லை. குடலில் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும் கழிவைச் சுரண்டி எடுக்கும், நச்சுகளை வெளியேற்றும் என்றெல்லாம் சில நிறுவனங்கள் எழுதுகின்றன. குடலின் உட்புறத் திசு சில நாள்களுக்கு ஒரு முறை தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வது. அதன்மேல் ஆண்டுக்கணக்கில் கழிவு படிந்திருக்க வழியில்லை. நச்சுகளைக் கையாள்வது கல்லீரலும் சிறுநீரகமும் செய்யும் வேலை. இவ்வகை விளம்பரங்களோடு வரும் படங்களில் காட்டப்படும் நீண்ட வழவழப்பான திரள்கள், பெரும்பாலும் உள்ளே போன உமியே ஊறி வெளியே வந்தவை. நேர்மையான பயன் இத்தனை உள்ள ஒரு பொருளை இப்படிப் பொய் சொல்லி விற்பது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. அந்தப் பொய்யை நம்பி வாங்கியவர் ஏமாந்த பிறகு, பொருளின் உண்மையான பயனையும் சேர்த்து நிராகரித்துவிடுவார்.

குடல் நலம் என்பதை உமியோடு முடித்துக்கொள்ளவும் முடியாது. அது அதிகம் நொதிக்காமல் இருப்பது வாயுவைத் தவிர்க்கிறது. ஆனால் பெருங்குடல் நுண்ணுயிர்களுக்கு அதிலிருந்து அதிக உணவு கிடைப்பதும் இல்லை. நொதிக்கும் நார்களிலிருந்து அந்த நுண்ணுயிர்கள் செய்யும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருள். அதற்குப் பலவகைக் காய், கனி, பயறு, முழுத்தானியம் வேண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தபோது, உணவில் இயல்பாக உள்ள நாரையே குறிப்பிட்டது. உமி உணவின் குறையை ஓரளவு தாங்கும், உணவின் இடத்தை நிரப்பாது. அதேபோல, சாப்பிட்டவுடன் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும் அனிச்சைச் செயலைப் பயன்படுத்திக்கொண்டு, காலை உணவுக்குப் பின் அவசரமின்றிக் கழிப்பறைக்குச் செல்வதும், மேற்கத்திய இருக்கையில் அமர்பவர்கள் காலுக்கடியில் ஒரு சிறு பலகை இட்டு முழங்காலை உயர்த்திக்கொள்வதும் எந்தப் பொடியும் தராத உதவியைச் செய்யும். குந்தும் நிலையில், மலக்குடலை மடக்கிப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து வழி நேராகிறது.

வைத்திருக்கும் முறை பற்றியும் ஒரு சொல். காற்றின் ஈரத்தையும் உமி இழுத்துக்கொள்ளும். ஈரக் கரண்டியை உள்ளே விட்டால் அந்த இடம் கெட்டியாகி, பூஞ்சை பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. மடித்து வைக்கும் அட்டைப்பெட்டியைவிட இறுக மூடும் டப்பா மேல். பெரிய பொட்டலத்திலிருந்து மாற்றும்போது எழும் தூசியை மூச்சில் இழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நோயாளிகளுக்கு நாள்தோறும் இதைக் கலந்து கொடுத்த செவிலியர்களுக்கு அந்தத் தூசியால் ஒவ்வாமை வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், குடல் அடைப்போ குடல் சுருக்கமோ இருந்தவர்கள், மலம் கல்லாக இறுகி அடைத்திருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. இருக்கும் அடைப்பின்மேல் இன்னொரு திரளைச் சேர்ப்பதாகவே அது முடியும். வலி நிவாரணி வகை ஓப்பியாய்டு மருந்துகளால் வந்த மலச்சிக்கலுக்கும் இது பொருந்தாது. அங்கே குடலின் அசைவே மந்தமாகிவிட்டதால், பருமனைக் கூட்டுவது பாரத்தைக் கூட்டுவதாகும். சிறு குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். குடித்த பின் நெஞ்சு வலி, வாந்தி, விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் ஏற்பட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, இரத்தசோகை, நடுத்தர வயதுக்குப் பின் மலம் கழியும் பழக்கத்தில் புதிதாக வந்த மாற்றம், குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும், உமி வாங்குவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இந்தப் பொருள் மலத்தை மென்மையாக்கி அறிகுறியை ஓரளவு மறைத்துவிடக்கூடியது என்பதால், அந்த வரிசையை மாற்றக் கூடாது.